பதினேழாவது தழும்பு

நாகல் நகர், திண்டுக்கல்.
4-2-1963

தம்பி சூசைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வயிறு மட்டும் கொஞ்சம் அதிக சௌக்கியம். ஏணியில் ஏறினால் கைக்கு முன்னால் அதுதான் போர்டைத் தொடுகிறது. இனிமேல் எட்டி நின்று எழுதக்கூடிய பெரிய எழுத்துகளை மட்டும் ஒப்புக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

போன வாரம் ஒரு பூட்டுக் கடைக்குச் சிங்கம் போட்டுக் கொடுத்தேன். கடைக்காரர் இடுப்பில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "நாய் நல்லா வந்துருக்கு அப்பு. பூட்டுக்குப் பொருத்தந்தான், நன்றியுள்ள பிராணி" என்றார். நான் மறுக்கவில்லை. பிடரியைக் கொஞ்சம் அழித்துவிட்டு, கழுத்தில் ஒரு பட்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நீ கடையை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இங்கே புலி, சிங்கம், குதிரை எல்லாம் ஒரே முகஜாடைதான்.

உன் சர்க்கார் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று உன் அக்கா இஞ்ஞாசியம்மாள் சந்தையில் கருப்பம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். என் பெண்டாட்டி காதுக்குப் போய்விட்டதால் நாகல் நகரில் இனி யாருக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டியதில்லை. நீ மெட்ராஸ் பஸ் ஏறிய அன்று ஜன்னல் வழியாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "சர்க்கார் சட்டத்தை எழுத்துல போடுது. எழுத்துத் தெரியாதவனுக்கு நாம போடுற படந்தாண்ணே சட்டம். ஓவியக்காரன் சர்க்காருக்குள்ள போகணும்." அப்போது நான் சிரித்தேன். இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் கொஞ்சம் பெருமையோடு.

இப்போது முக்கியமான விஷயம். பொன்னழகுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. ஒன்பது வயதில் பெரியம்மை வந்து முகத்தில் விளையாடிவிட்டுப் போனதிலிருந்து, என் தங்கச்சியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பலகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள். முப்பத்து மூன்று வயதாகிறது. நாங்களும் பலகாரம் செய்வதை நிறுத்தி நாலு வருஷம் ஆயிற்று. இவர் பெண் பார்க்க வரவில்லை, போர்டு எழுத வந்தார். பெயர் ஒச்சப்பன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் கடை. பெண்சாதி இறந்து மூன்று வருஷம், பிள்ளை இல்லை. நான் கோடு போட்டுக் கொடுக்க, பொன்னழகு உட்கார்ந்து எழுத்துக்குள் பச்சை பூசிக்கொண்டிருந்தாள். நீ விட்டுப்போன பிரஷை இப்போது அவள்தான் பிடிக்கிறாள், தெரியுமல்லவா? மனுஷன் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். "கை நடுங்காத பொம்பளைய இன்னைக்குத்தாங்க பாக்குறேன்" என்றார். மறு வாரம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்.

மார்ச் பத்தாம் தேதி நிச்சயதாம்பூலம். நீ வரவேண்டும். ஏழு வருஷம் இந்த வீட்டில் சாப்பிட்டவன், பந்தியில் பரிமாறவாவது வா.

கண்ணுசாமி

*

சென்னை.
11-2-1963

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டுச் செய்தி அறிந்து மிகவும் மகிழ்ச்சி. எல்லாம் நல்லபடியாக நடக்கவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

வருவது பற்றி உறுதியாக எழுத முடியவில்லை. நிரந்தரமான முதல் வருஷம், லீவு கேட்பது கஷ்டம். பந்தியில் பரிமாறவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பல தடவை படித்தேன்.

இங்கே வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பெரியம்மையை நாட்டை விட்டே ஒழிக்கவேண்டும் என்று திட்டம் வந்திருக்கிறது. ஊர் ஊராக அம்மை குத்தும் ஆட்கள் போகிறார்கள். ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிவிடுகிறார்கள். போஸ்டர் போடும் பொறுப்பு எனக்கு. முதலில் ஊசி பிடித்த கை ஒன்று வரைந்தேன். கமிட்டியில் "சாந்தமாக இருக்கிறது" என்று திருப்பிவிட்டார்கள். தாயும் குழந்தையும் வரைந்தேன், "பால் மாவு விளம்பரம்" என்றார்கள். மூன்றாவதாக வேப்பிலை வைத்தேன், "மத விஷயம் வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "மிஸ்டர் சூசைமுத்து, பார்த்தவன் வயிற்றில் பயம் வரவேண்டும். நிஜமான ஒன்றைப் போடுங்கள்" என்றார்.

நாலாவது படம் ஒரு மத்தியான இடைவேளையில் முடிந்துவிட்டது. மாதிரி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கை தானாக ஓடியது. கமிட்டியில் படத்தைக் கை மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். பிறகு ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். என் நிரந்தர உத்தரவும் அந்த வாரம்தான் வந்தது.

சர்க்கார் படத்தில் ஓவியன் பெயர் போடமாட்டார்கள், அண்ணே. மூலையில் ஒரு நம்பர் மட்டும் இருக்கும். அது பழகிவிட்டது. படம் அந்தப் பக்கம் வரும்போது பார்த்துவிட்டு நீங்கள் எழுதுங்கள். நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று கொஞ்சம்... இருக்கட்டும்.

தங்கள்,
சூசைமுத்து

*

திண்டுக்கல்.
3-3-1963

திரு. சூசைமுத்து அவர்களுக்கு, ஓவியர், சர்க்கார் உத்தியோகம்,

பார்த்தேன். நீர் எழுதச் சொன்னபடி எழுதுகிறேன்.

நேற்று நிச்சயத்துக்கு ஆள் கணக்கு, சாப்பாடு பேசிவர வத்தலக்குண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ச் சுவரில் என் தங்கச்சி நிற்கிறாள். இரண்டு ஆள் உயரம். நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? "வீட்டுல இருந்தவ, எனக்கு முந்தி எந்த பஸ்ல வந்தா?" என்று நினைத்தேன். அவ்வளவு நிஜம். அதே முக்கால் புருவம், அதே மூக்கு, பேச்சைப் பாதியில் நிறுத்தினவள் மாதிரி அதே உதடு. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'அம்மை குத்தாத முகம்!' காலடியில் 'உங்கள் பெண்ணுக்கு இது வேண்டாம்.'

அந்தச் சுவருக்கு எதிரே என்ன கடை என்று உமக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒச்சப்பன் கடைக்கு மேலே அவள் பச்சை பூசிய போர்டு. நடுவில் பஸ் போகிற வழி. இந்தப் பக்கம் அவள் கை, அந்தப் பக்கம் அவள் முகம்.

படத்துக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். ஒருத்தி தன் மகளிடம், "பாத்தியா, குத்திக்கிற மாட்டேன்னு ஓடுனியே, இந்தா இப்பிடித்தான் ஆவ" என்று கன்னத்தைக் கிள்ளினாள். வெற்றிலைக் கடைக்காரர் என்னிடமே கேட்டார், "ஏனப்பு, இந்தப் புள்ளைய எங்கிட்டோ பாத்த மாதிரி இல்ல?" நான் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்லவேண்டியதில்லை அல்லவா? சுண்ணாம்பு அதிகமாகி நாக்கு வெந்துவிட்டது. நல்லவேளை, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

நான் மோசமாக வரைகிறவன். என் சிங்கத்தை அதன் அம்மாகூட அடையாளம் காணாது. அதனால் என்னால் யாருக்கும் ஆபத்து இல்லை. நீர் நன்றாக வரைகிறவர். அதுதான் கேடாகப் போயிற்று.

கேட்பது ஒன்றுதான். பத்தாம் தேதிக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. ஒச்சப்பன் வீட்டில் பேச்சு எழுவதற்குள் வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லும். உள்ளே போனவர்தானே நீர்? உள்ளே இருந்து ஒரு வார்த்தை சொல்லும்.

கண்ணுசாமி

*

சென்னை.
8-3-1963

அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. படித்த பிறகு வேலை ஓடவில்லை.

வேண்டும் என்று செய்யவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். "நிஜமான ஒன்று" என்று அதிகாரி சொன்னதும், கண்ணை மூடினேன், எனக்குத் தெரிந்த நிஜம் வந்தது. எனக்கு இந்த உலகத்தில் மனப்பாடமாகத் தெரிந்த முகம் ஒன்றுதான். முடித்த பிறகுதான் யார் என்று பார்த்தேன். அப்போதே கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. அது நான் வரைந்ததிலேயே நல்ல படம். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று காலை அதிகாரியிடம் வாய்மொழியாகவும், பிறகு எழுத்திலும் தெரிவித்தேன். "குறிப்பிட்ட நபர் ஒருவரின் சாயல் தற்செயலாக அமைந்துவிட்டபடியால், மதுரை ஜில்லாவில் இரண்டு ஊர்களில் மட்டும் மாற்றுப் படம் ஒட்ட வேண்டுகிறேன்" என்று எழுதினேன். அந்தப் ஃபைலில் 'மாதிரி' என்று ஒரு கட்டம் உண்டு. முன்பு அதில் 'கிராமப் பெண்' என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அதை எடுத்துக் காட்டி, "கிராமப் பெண் என்றால் எல்லாக் கிராமத்திலும் இருப்பாளே" என்றார்கள். பிறகு ஜில்லாவிலிருந்து வந்த கணக்கைக் காட்டினார்கள். படம் ஒட்டிய பிறகு கன்னிவாடிப் பக்கம் மட்டும் ஒரே வாரத்தில் நானூறு பேர் குத்திக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இருபதினாயிரம் பிரதி அடிக்க உத்தரவு ஆகிவிட்டது.

அண்ணே, நானூறு பேர். அதில் பாதி பெண் குழந்தைகள் இருக்கும். அந்த இருநூறு முகத்துக்கும் இனி ஒன்றும் வராது. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. ஆனால் இதையும் நீங்கள் தள்ளிவிட முடியாது.

தெரிந்தவர்கள் தவிர யாரும் அடையாளம் காணமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சூசைமுத்து

*

திண்டுக்கல்.
14-3-1963

சூசை,

தெரிந்தவர்கள்தான் பெண் எடுக்க வருகிறார்கள். தெரியாதவர்கள் வருவதில்லை.

பத்தாம் தேதி காலையில் கருப்பம்மாள் இருபது பேருக்கு உலை வைத்தாள். வந்தது ஒரே ஆள், ஒச்சப்பனின் அக்கா அங்காளம்மாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "எங்களுக்கு வேற ஒண்ணுமில்லண்ணே. முகத்தையெல்லாம் எங்க தம்பி பெருசா நெனைக்கல. ஆனா கடைக்கு வாரவன் போறவனெல்லாம் சுவத்தயும் பாத்து அவன் மூஞ்சியயும் பாக்குறான். இந்தப் பொண்ணு வேணாம்னு சர்க்காரே எழுதி ஒட்டியிருக்கு. அதுக்கு மேல நாங்க எம்புட்டு?" என்றாள்.

கருப்பம்மாள் பிடித்துக்கொண்டாள். "உங்க தம்பிக்கு மூஞ்சி ஒண்ணு இருக்குன்னே சுவத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுதாக்கும்?" என்று ஆரம்பித்து, அவர்களுடைய மூன்று தலைமுறையை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டாள். நான் தடுக்கவில்லை. எனக்குச் சண்டை போடத் தெரியாது, அதற்குத்தான் கல்யாணம் செய்துகொண்டது.

இருபது பேர் சோற்றை இரண்டு நாள் தின்றோம். வயிறு இந்தத் துக்கத்திலும் தன் வேலையை விடவில்லை.

படிக்கத் தெரியாதவனுக்குப் படம்தான் சட்டம் என்று சொன்னாயே. சரியாகத்தான் சொன்னாய். வத்தலக்குண்டில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

உன் நானூறு பேரை நான் தள்ளவில்லை. கருப்பம்மாளின் தம்பி கன்னிவாடியில் தன் மூன்று பிள்ளைகளுக்கும் போன வாரம்தான் குத்தினான். ஏண்டா இத்தனை வருஷம் செய்யவில்லை என்று கேட்டால், "அந்தப் படத்தப் பாத்தேன் மச்சான், பொன்னழகு அக்கா ஞாபகம் வந்துச்சு" என்கிறான். நான் யாரைத் திட்டுவது, சொல்லு. நீ செய்தது பொய்யாகவோ வீணாகவோ இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். பலித்துவிட்டதே, அதுதான் கசக்கிறது.

இங்கே பஸ் ஸ்டாண்டில் ஒட்டியதையும் போய்ப் பார்த்தேன். தழும்பை எண்ணினேன். சின்னதை விட்டுவிட்டுப் பெரியது மட்டும் பதினாறு. வீட்டுக்கு வந்து, அவள் சாயம் குழைத்துக்கொண்டிருந்தபோது ஓரமாக நின்று அவள் முகத்தில் எண்ணினேன். பதினாறு. நெற்றியில் மூன்றும் அதே கோணத்தில். ஏலே, ஏழு வருஷம் என் கடையில் உட்கார்ந்து போர்டையா பார்த்தாய்?

ஐம்பத்தைந்து பொங்கலுக்கு நீ அவளுக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தது எனக்குத் தெரியும். நான் வெற்றிலை மடிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு தழும்புகூட இல்லை, மொழுமொழு என்று இருந்தது முகம். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு நீ வாய் திறந்து ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன். மதம், சனம் என்று நான் ஏதாவது சொல்வேன் என்று நீ பார்த்திருப்பாய். இரண்டு கோழைகள் ஒரே கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்திருக்கிறோம்.

நடந்ததை அவளிடம் சொன்னேன். "அண்ணே, பச்சை டப்பா தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க" என்றாள்.

கண்ணுசாமி

*

சென்னை.
2-4-1963

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. ஒரு வழி கண்டுபிடித்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். இப்போது கிடைத்துவிட்டது.

முதல் படத்தை எடுக்கமாட்டார்கள் என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே அதற்குத் துணையாக இரண்டாவது படம் ஒன்று வேண்டும் என்று நானே குறிப்பு எழுதினேன். 'பயம் மட்டும் போதாது, நம்பிக்கையும் காட்டவேண்டும்' என்று வாதாடினேன். அண்ணே, ஓர் ஓவியன் எழுதிய குறிப்பைக் கமிட்டி திருத்தாமல் அப்படியே ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை. முகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் எனக்கே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பொங்கல் படம் என் பெட்டியில்தான் இருந்தது. அதைத்தான் கொடுத்தேன். 'அம்மை குத்திய முகம்' என்று மேலே எழுத்து. கீழே 'உங்கள் பெண்ணுக்கு இது கிடைக்கட்டும்.' லித்தோ அச்சில் அருமையாக வந்திருக்கிறது. பழைய படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டவேண்டும் என்று உத்தரவு. வத்தலக்குண்டை முதல் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இனி அந்தச் சுவரைப் பார்க்கிறவர்கள் அந்த முகம் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்வார்கள். அவர்கள் வீட்டிலும் மனம் மாறலாம்.

எட்டு வருஷமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த படம். என்னால் கொடுக்க முடிந்தது இதுதான். அதைப் பார்த்தால் கொஞ்சம் கோபம் குறையும் என்று... தாங்களே காட்டி விளக்கவேண்டும்.

சூசைமுத்து

*

திண்டுக்கல்.
28-4-1963

சூசைக்கு,

உன் கடிதத்தை நான் காட்டவில்லை. காட்டவேண்டிய அவசியம் வரவில்லை. இங்கே பஸ் ஸ்டாண்டிலும் இரண்டையும் ஜோடியாக ஒட்டினார்கள். கருப்பம்மாள் பார்த்துவிட்டு ஓடிவந்து, "இந்தாருங்க, நம்ம பொன்னழகு ரெண்டு பேரா நிக்கிறா. ஒருத்தி வேணும், ஒருத்தி வேணாமாம்" என்றாள். என் பெண்டாட்டிக்கு எழுத்துத் தெரியாது. நீ சொன்னபடி, படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பொன்னழகு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் கறுப்பு டப்பா, வெள்ளை டப்பா, மண் நிறத்தில் கொஞ்சம் குழைத்து ஒரு கிண்ணத்தில், மூன்று பிரஷ், எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணே, வத்தலக்குண்டுல ஒரு வேலை இருக்கு, ஏணி தூக்க ஆளு வேணும்" என்றாள். ஐந்து வருஷமாக என் தங்கச்சிக்கு நான் முதலாளி. அன்றைக்கு ஏணி தூக்கினேன்.

பதினோரு மணி, வெயில், பஸ் ஸ்டாண்டு நிறைய சனம். ஏணியைச் சாத்தச் சொன்னாள். முதலில் உன் பொங்கல் படத்துக்குப் போனாள். அகலப் பிரஷால் நெற்றியிலிருந்து தாடை வரை கறுப்பை இழுத்தாள். அவசரமில்லை, கோபமில்லை, போர்டுக்கு அடிப்பூச்சு கொடுப்பாளே, அப்படி. மொழுமொழு முகம் மூன்று இழுப்பில் போய்விட்டது. வெற்றிலைக் கடைக்காரர் கீழே நின்று, "ஏம்மா, நல்லாருக்கறத அழிக்கிறியே! அழிக்கிறதா இருந்தா அந்தக் கோரத்தையில்ல அழிக்கணும்?" என்று கத்தினார்.

அவள் வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கித் திரும்பி, அவரை நேராகப் பார்த்தாள். மனுஷன் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெற்றிலை கீழே விழுந்துவிட்டது.

பிறகு ஏணியை அடுத்த படத்துக்கு நகர்த்தச் சொன்னாள். 'உங்கள் பெண்ணுக்கு இது வேண்டாம்' என்ற வரியை வெள்ளையடித்து, அது காயும்வரை ஏணியிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் முழுவதும் ஒச்சப்பன் கடை வாசலில் குந்தி, பஞ்சர் பார்க்கிற டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே இருந்தார். குமிழி வந்ததோ இல்லையோ, தலை நிமிரவில்லை. காய்ந்ததும் கறுப்பில் எழுதினாள். நான் கோடு போட்டுத் தரவில்லை.

'பொன்னழகு. நாகல் நகர், திண்டுக்கல். போர்டு எழுதித் தரப்படும்.'

பஞ்சாயத்திலிருந்து ஒரு சிப்பந்தி ஓடிவந்தார். "சர்க்கார் படத்துல யாரக் கேட்டு எழுதுன?"

"யாரக் கேட்டு வரைஞ்சாக?"

"அதெல்லாம் மேலிடத்து ஆளு வரைஞ்சது, அவுக பேர்கூட நமக்குத் தெரியாது."

"தெரியாதில்ல? வரைஞ்சவுக பேருதான் போடல. முகத்துக்காரி பேராச்சும் இருக்கட்டும்."

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருமாம். வந்தால் அது உங்கள் பிரிவிலிருந்துதான் வரும், பார்த்துக்கொள். அதில் பெயர் எழுதவேண்டிய இடத்தில் 'கிராமப் பெண்' என்று போட்டுவிடாதே. உன் மூன்று கடிதங்களையும் திருப்பிப் பார்த்தேன். ஓரிடத்திலும் நீ அவள் பெயரை எழுதவில்லை. இப்போது சுவரிலேயே இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

போர்டு எழுதச் சொல்லி வத்தலக்குண்டிலிருந்து இதுவரை ஒருத்தரும் வரவில்லை. வருவார்கள் என்று அவள் சொல்லவும் இல்லை. இனி நமக்குள் கடிதம் வேண்டாம். எனக்கும் எழுத இதற்குமேல் கேலி மிச்சமில்லை.

ஒன்று மட்டும் அவள் சொல்லி அனுப்பச் சொன்னாள். படத்தில் ஒரு தழும்பு குறைகிறதாம். இடது காதுக்கு முன்னால், முடி விழுந்து மறைக்கிற இடத்தில். நம் கடையில் உன் முக்காலி கிடந்தது வலப்பக்கம். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவளின் அந்தக் கன்னம் ஏழு வருஷத்தில் ஒரு நாளும் உன் பக்கம் திரும்பியதில்லை. கூடப் பிறந்த நானே பதினாறோடு நிறுத்தினவன்தானே.

ஏணியை விட்டு இறங்குவதற்கு முன்னால், கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்ததைச் சின்னப் பிரஷ் நுனியில் தொட்டு, அதை அவளே வைத்துவிட்டாள்.

கண்ணுசாமி